காங்கேயம்: 58,000 ஓடின ஸ்ட்ராங் ஹைபிரிட் கிராண்ட் விட்டாரா வாங்கலாமுங்களா?

காங்கேயத்தான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஒரு பழைய வண்டி வியாபாரிகிட்ட மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (கொஞ்ச தூரம் மோட்டார்ல மட்டுமே கூட ஓடுற பெட்ரோல் வண்டி) ஒண்ணு நிக்குது. ஜீட்டா பிளஸ், 2022 டிசம்பர் ரிஜிஸ்ட்ரேஷன், ஒரே ஓனர், 58,000 கி.மீ. 13.40 லட்சம் சொல்றாங்க. அதே வருசத்து மைல்டு ஹைபிரிட் (மோட்டார் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யுறது) மேனுவல் ஒண்ணு ஈரோட்டுல 10.20 லட்சத்துக்கு இருக்குது.

ஓட்டம் காங்கேயம்–திருப்பூர், போக வர 55 கி.மீ., மாசம் 26 நாள். மாசம் ஒருக்கா ஊட்டியோ வால்பாறையோ. எல்லாஞ் சேர்த்து மாசம் 1,700 கி.மீ. வண்டி நிக்கிறது தோட்டத்துச் சாளையில, திறந்த கொட்டகை.

ஹைபிரிட் பேட்டரி போச்சுன்னா கை சுட்டுரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. எதை எதைப் பார்த்து முடிவு பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பீளமேடு ஒயர்மேன்

பேட்டரியில இருந்தே ஆரம்பிக்கலாமுங்க. இந்த வண்டியில இருக்கிறது 177.6 வோல்ட், 4.3 ஆம்பியர் அவர் லித்தியம் அயான் பேக். பெருக்கிப் பாருங்க, 0.76 கிலோவாட் அவர்தான் வரும். எலெக்ட்ரிக் கார் பேட்டரி விலையைக் கேட்டுட்டு வந்து இதுக்குப் பயப்படக் கூடாது. 3.7 வோல்ட் செல் 48 வரிசையா இருக்குது. கம்ப்யூட்டர் அதை முழுசா நிரப்பவும் விடாது, முழுசா காலி பண்ணவும் விடாது. ஆயுள் நிக்கிறதே அதனாலதான்.

கம்பெனி இந்தப் பேட்டரிக்குத் தர்ற வாரண்டி 8 வருசம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துதோ அது. முதல் ஓனர் வாங்கின தேதியில இருந்து எண்ணணும். உங்க வண்டிக்கு 2030 டிசம்பர் வரைக்கும் வருது. மாசம் 1,700 ஓட்டினா அஞ்சு வருசத்துல 1,02,000 கூடும், மொத்தம் 1,60,000. வருசமும் கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒண்ணாவே முடியுது.

ஆனா அது பேட்டரிக்கு மட்டும். 2024 ஜூலைக்கு முந்தி வித்த மாருதிக்கு மற்ற பாகங்களுக்கு 2 வருசம் அல்லது 40,000 கி.மீ.தான். அது முடிஞ்சு போச்சு. முதல் ஓனர் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தாரா, அதுல இன்வெர்ட்டரும் (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற பாகம்) ஏசி கம்ப்ரசரும் உண்டா, பெயர் மாத்தினா கூடவே வருமா? மூணையும் சர்வீஸ் சென்டர்ல எழுத்துல வாங்குங்க. நான் பேட்டரியை விட இந்த ரெண்டு பாகத்துக்குத்தான் கவலைப்படுவேன்.

தாராபுரம் டீசல்

தம்பி, 13 லட்சம் போட்டு எதுக்கு இந்த ரிஸ்க்? சியாஸ் டீசல் எஸ்எச்விஎஸ் 2017, 2018 மாடல் பாதி விலைக்கும் கீழ கிடைக்குது. அதுவும் ஹைபிரிட்தான். ஏஆர்ஏஐ சோதனை மைலேஜே லிட்டருக்கு 28.09. 1,248 சிசி இன்ஜின், தெரு முக்குல இருக்கிற மெக்கானிக்கே பார்த்துக்குவாரு.

பீளமேடு ஒயர்மேன்

அண்ணா சொல்ற இன்ஜின் நல்ல இன்ஜின், அதுல மாற்றுக் கருத்து இல்லீங்க. ஆனா “அதுவும் ஹைபிரிட்”ங்கிற இடத்துலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. எஸ்எச்விஎஸ், ஸ்மார்ட் ஹைபிரிட் எல்லாம் மைல்டு. ஆல்டர்னேட்டர் இருக்கிற இடத்துல பெல்ட்ல ஓடுற ஐஎஸ்ஜி (ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒண்ணா இருக்கிற சின்ன மோட்டார்), சிக்னல்ல இன்ஜினை அணைச்சு எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். அவ்வளவுதான். மோட்டார்ல மட்டும் ஒரு அடி கூட நகராது.

ஸ்ட்ராங்குல ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ரெண்டு மோட்டாரும் இன்ஜினும் ஒரு கிரக கியர்ல சேருது. அதைத்தான் ஈ-சிவிடிங்கிறாங்க. ரப்பர் பெல்ட்டோ ஸ்டீல் பெல்ட்டோ அறுக்கிற வேலை அதுக்குள்ள இல்லை.

வியாபாரி வாயை நம்பாம ஆர்சியில சிசியைப் பாருங்க. ஸ்ட்ராங்குன்னா 1,490, மூணு சிலிண்டர். மைல்டுன்னா 1,462, நாலு சிலிண்டர். எரிபொருள்னு இருக்கிற இடத்துல மைல்டு வண்டிக்கும் பெட்ரோல்/ஹைபிரிட்னு வர்றதால அதை வச்சுத் தீர்மானிக்க முடியாது.

அந்த டீசல் சியாஸ் வாங்கிறதா இருந்தா ஐஎஸ்ஜி பெல்ட்டும் டென்ஷனரும் பாருங்க (அந்தப் பெல்ட் ரெண்டு பக்கமும் இழுபடுது, சாதா பெல்ட் மாதிரி இல்லை), குளிர்ந்த இன்ஜின்ல செயின் சத்தம் கேளுங்க, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு எடுங்க. பேட்டரி மாத்தும்போது விலை குறைவுன்னு சாதா பேட்டரி போட்டிருந்தா, சிக்னல்ல அணையிற வசதி வேலை செய்யாது. டெஸ்ட் டிரைவ்ல அது அணையலைன்னா முதல்ல பேட்டரி லேபிளைப் படிங்க.

திருப்பூர் கணக்கு

மைலேஜ் கணக்கை நான் போட்டுத் தர்றேன் தம்பி. விளம்பரத்துல இருக்கிற 27.97ஐயும் மைல்டு மேனுவலோட 21.11ஐயும் மறந்துருங்க. அது லேப் சோதனை. நான் எடுத்திருக்கிறது ரோட்டுல கைக்கு வர்ற மாதிரியான அளவு, பெட்ரோல் 102 ரூபாய்னு வச்சு, வருசம் 20,400 கி.மீ.

முழுக்க டவுன் நெரிசல்னா ஸ்ட்ராங் 23, மைல்டு 12. வருசம் 813 லிட்டர் மிச்சம், சுமார் 83,000 ரூபாய். விலை வித்தியாசம் 3.20 லட்சம் நாலு வருசத்துக்குள்ள திரும்பி வந்துரும்.

முழுக்க 80க்கு மேல போற பைபாஸ் ஓட்டம்னா ஸ்ட்ராங் 20, மைல்டு 18. வருசம் 113 லிட்டர்தான் மிச்சம், 11,500 ரூபாய். வண்டி மண்ணாப் போற வரைக்கும் ஓட்டினாலும் திரும்பாது.

உங்க ரோடு எது? காங்கேயத்துல கிளம்பி படியூர் தாண்டுற வரைக்கும் 70, 80ல போவீங்க. நல்லூர்ல இருந்துதான் உருட்டல். ரெண்டுங் கலந்து 22க்கு 16.5னு போட்டேன். 309 லிட்டர், 31,500 ரூபாய். 3.20 லட்சத்துக்குப் பத்து வருசம். பெட்ரோல் மிச்சத்துக்காகன்னா 13.40க்கு இந்த வண்டி வேண்டாம்.

ஆனா முழு வித்தியாசமும் செலவு இல்லை. விக்கும்போது பாதியாவது திரும்பும், ஒண்ணு ஆட்டோமேட்டிக் இன்னொண்ணு மேனுவல். விலை 12.50க்கு இறங்கினா வித்தியாசம் 2.30, பாதி போனா 1.15 லட்சம். மூணே முக்கால் வருசத்துல சரியாயிடும். அந்த விலைக்கு நான் சரிம்பேன். பேரம் பேச இன்னொரு பிடி: 2025 செப்டம்பர் 22ல இருந்து இந்த வகைப் புது வண்டிக்கு வரி 43 சதவீதத்துல இருந்து 40க்கு வந்துருச்சு. புது விலை இறங்கினா பழைய விலையும் இறங்கியாகணும்.

காங்கேயத்தான்

ரொம்ப நன்றிங்க அக்கா. ரோட்டை வச்சு இப்படிக் கணக்குப் போடணும்னு தோணவே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில வண்டி பார்க்கப் போறேன். என்னென்ன பார்க்கணும்னு சொன்னீங்கன்னா எழுதி எடுத்துட்டுப் போயிருவேன்.

ஈரோடு சர்வேயர்

வண்டிக்கு முன்னாடி காகிதம். பழைய இன்சூரன்ஸ் பாலிசி மூணையும் கேளுங்க. கிளைம் இல்லாத வண்டிக்கு போனஸ் (பிரீமியத்துல தள்ளுபடி) முதல் ரினியூவல்ல 20, அப்புறம் 25, மூணாவதுல 35 சதவீதம்னு ஏறும். நடுவுல சுழியம் ஆகியிருந்தா அந்த வருசம் ஏதோ கிளைம் நடந்திருக்குது, என்ன கிளைம்னு கேளுங்க. போனஸ் பாதுகாப்புன்னு தனியா பிரீமியம் கட்டியிருந்தா கிளைம் நடந்தும் போனஸ் நிக்கும், அதையும் பாலிசியில பாருங்க. அந்த போனஸ் ஓனரோடது, வண்டியோடது இல்லை. உங்களுக்கு வராது.

ரெண்டாவது, வண்டி 2023 டிசம்பர்ல எங்க இருந்துச்சு? மிக்ஜாம் புயலுக்குச் சென்னையில மூழ்கின வண்டிகள் துடைச்சு மினுக்கி மேற்கே வர்றது உண்டு. கோயமுத்தூர் நம்பர்னு மட்டும் நம்பாதீங்க, சர்வீஸ் ரெக்கார்டுல எந்த ஊர்ல எந்தத் தேதியில சர்வீஸ் ஆச்சுன்னு வரிசையா இருக்கும். ஹைபிரிட் பேக் பின்னாடி தரையோட இருக்கிறதால மற்ற வண்டியை விட இதுக்கு வெள்ளம் பெரிய ஆபத்து.

சீட் பெல்ட்டை நாலு சீட்டுலயும் கடைசி வரைக்கும் உருவுங்க. தண்ணி ஏறின வண்டியில கடைசி ஒரு சாண்ல சேத்துக்கோடு நிக்கும். அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வர்றதில்லை. சீட் தண்டவாளத்து போல்ட்டுல துரு, டிக்கித் தரைக்குக் கீழ மண் படிவு, சீட்டுக்கு அடியில கனெக்டர் பச்சை பூத்திருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் வெளிய வந்துருங்க, விலை பேசவே வேண்டாம்.

சேஸி நம்பரை மாருதி இணையதளத்துல போட்டு ரீகால் பாக்கி இருக்குதான்னும் பாருங்க. 2022 நவம்பர் 2 முதல் 28 வரை தயாரான 9,125 வண்டிகளுக்கு முன்சீட் பெல்ட்டோட தோள் உயரம் மாத்துற பாகம், டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான 17,362 வண்டிகளுக்கு ஏர்பேக் கண்ட்ரோலர். ரெண்டு பட்டியல்லயும் கிராண்ட் விட்டாரா உண்டு, உங்க வண்டியோட மாசம் அதை ஒட்டி வருது. பாக்கி இருந்தா இலவசமாவே மாத்தித் தருவாங்க.

பீளமேடு ஒயர்மேன்

காலையில போறதா முன்கூட்டியே சொல்லி, நீங்க போற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லிருங்க. சூடேத்தி வச்ச வண்டியில பாதி குறை தெரியாது.

பவர் பட்டன் அழுத்தறதுக்கு முந்தி சின்ன 12 வோல்ட் பேட்டரியை மீட்டர்ல பாருங்க. 12.6 இருக்கணும். 12.2க்குக் கீழன்னா அது தளர்ந்து போச்சு. பெரிய பேட்டரி நல்லா இருந்தாலும் இந்தச் சின்னது செத்தா, வண்டி ஓடத் தயார்னு காட்டுற ‘ரெடி’ விளக்கே எரியாது. வியாபாரி இடத்துல மாசக்கணக்கா நின்ன வண்டியில முதல்ல போறது இதுதான். ரெடி ஆனப்புறம் அதே முனையில 14 வோல்ட்டை ஒட்டி வந்தா, பெரிய பேட்டரியில இருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏத்துற கன்வெர்ட்டர் வேலை செய்யுது.

அப்புறம் பெரிய பேட்டரியோட தாக்குப்பிடிப்பு. ஒரு 15 நிமிசம் ஓட்டி வண்டிக்குள்ள குளிர வச்சுட்டு, நிறுத்தி, ரெடியிலயே ஏசியை விட்டுட்டுக் கடிகாரத்தைப் பாருங்க. பேட்டரி இறங்கினதும் இன்ஜின் தானா எழுந்து சார்ஜ் ஏத்தி அணையும். அணைஞ்சிருக்கிற நேரம் 5 நிமிசத்துக்கு மேல இருந்தா திருப்தி. நிமிசத்துக்கு ஒருக்கா எழுந்து எழுந்து அணைஞ்சா கொள்ளளவு குறைஞ்சு போச்சு.

சர்வீஸ் சென்டர்ல காசு கட்டியே ஸ்கேன் எடுங்க. இப்ப இருக்கிற கோளாறு கோடு (code) மட்டுமில்லாம, முந்தி வந்து போன ஹிஸ்டரியும் பிரிண்ட் வேணும்னு சொல்லுங்க. பி0ஏ80 வந்தா பேட்டரி பேக். பி0ஏ93 வந்தா இன்வெர்ட்டர் கூலிங். பி0ஏஏ6 வந்தா ஹை வோல்டேஜ் எங்கேயோ பாடிக்குக் கசியுதுன்னு அர்த்தம். செல் வோல்டேஜ் பட்டியல்ல ஒரு செல் மட்டும் சுமை வரும்போது தனியா இறங்குதான்னு பாருங்க.

பி0ஏஏ6 பத்தி விரிவா சொல்லணும், ஏன்னா நம்மூர்ல அது வர்ற வழியே வேற. இந்த வண்டியோட ஏசி கம்ப்ரசர் பெல்ட்ல ஓடலை, ஹை வோல்டேஜ்ல ஓடுற மோட்டார் அதுக்குள்ளயே இருக்குது. ஆயில் அந்தச் சுருளை நனைச்சுட்டே இருக்கும். அதனால மின்சாரம் கடத்தாத பிஓஈ வகை ஆயில்தான் போடணும். வெளியில ஏசி கடையில காஸ் அடிக்கும்போது எல்லா வண்டிக்கும் போடுற பிஏஜி ஆயிலை ஏத்திட்டாங்கன்னா, ஏன், முந்தின வண்டிக்குப் போட்ட ஆயில் ஓஸ்ல மிச்சம் இருந்து கலந்தாக்கூட, இன்சுலேஷன் இறங்கும். அன்னைக்கே தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு ரெடி ஆகாம நிக்கும். கம்ப்ரசரோட போச்சுன்னா நல்லது, லைன் முழுக்கக் கழுவ வேண்டியும் வரலாம். ஏசி பில் எங்கே போட்டதுன்னு பாருங்க.

அடுத்தது பஞ்சு. பேட்டரியை ஆத்துற காத்து வண்டிக்குள்ள இருந்துதான் போகுது, பின்சீட் ஓரத்துல வலை போட்ட துவாரம் இருக்கும், மேனுவல்ல படத்தோட போட்டிருக்குது. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போய் வர்ற வண்டியில துணியில ஒட்டின பஞ்சு அங்க மெத்தை மாதிரி படியும். படிஞ்சா ஃபேன் சத்தமா ஓடும், பேக் சூடாகும், மைலேஜ் இறங்கும். கழட்டிப் பாருங்க. திருப்பூர் போற உங்களுக்கு வாங்கினப்புறமும் இது மாச வேலை. அந்தத் துவாரத்தை மறைச்சு மூட்டை வைக்கவும் கூடாது.

கடைசியா ஒண்ணு. பிரேக் பேடு புதுசா இருக்குதுன்னு கிலோமீட்டர் குறைவா ஓடினதா நினைக்காதீங்க. மோட்டாரே பாதி பிரேக் பிடிச்சுருது, 60,000லயும் பேடு தடிமனாவே இருக்கும். பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்வு, டயர் ஓரத்துல இருக்கிற நாலு இலக்கத் தேதி, இதையெல்லாம் ஓடோமீட்டரோட பொருத்திப் பாருங்க.

வால்பாறை ரோடு

ஊட்டி, வால்பாறை போறேன்னு எழுதியிருக்கீங்க. இறக்கத்துல கரண்ட் சேர்ந்துட்டே வரும்னு வியாபாரி சொல்லுவாரு. கணக்குப் பாருங்க. நாலு பேரோட வண்டி 1,600 கிலோ. ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். கிடைக்கிற சக்தி 8.3 கிலோவாட் அவர். பேட்டரி 0.76, அதுலயும் ஒரு பங்குதான் புழங்கும். உயரத்துல 150 மீட்டர் இறங்கறதுக்குள்ள நிரம்பிரும். குன்னூர் வர்றதுக்கு ரொம்ப முந்தியே மோட்டார் பிரேக் கை விட்டுரும். அதுக்கப்புறம் இன்ஜின் பெட்ரோல் இல்லாம உறுமி இழுத்துப் பிடிக்கும். அந்தச் சத்தம் கோளாறு இல்லை. கியர்ல ‘பி’ (B, பார்க்கிங் P இல்லை) இடத்துல போட்டே இறங்குங்க. டி-யில விட்டு பர்லியாறு வரைக்கும் பெடலை அமுக்கிட்டே வந்தா டிஸ்க் சூடேறும். பிரேக் ஆயில் ரெண்டு வருசம் தாண்டியிருந்தா மலைக்கு முந்தி மாத்திருங்க.

ஏத்தத்துல நேர்மாறு. ரெண்டுஞ் சேர்ந்து 115 பிஎஸ். பேட்டரி தீர்ந்தப்புறம் இன்ஜினோட 92தான் கையில. ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி ஏறும்போது ஆர்பிஎம் மேலயே நிக்கும், மூணு சிலிண்டர் அதிர்வு சீட்டுக்கு வரும். கியர் நழுவுதுன்னு நினைச்சுக்காதீங்க. டெஸ்ட் டிரைவுக்கு வால்பாறை வரைக்கும் விட மாட்டாங்க, மருதமலை ஏத்தத்துக்காவது நாலு பேரோட ஏசி போட்டு ஏத்திப் பாருங்க.

காங்கேயத்தான்

வண்டி பார்த்துட்டு, சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனும் எடுத்தாச்சுங்க. வந்தது இது:

12 வோல்ட் பேட்டரி 12.1, ரெடியில 14.2. ஏசி போட்டு நிறுத்தினதுல இன்ஜின் 7 நிமிசம், 8 நிமிசம், 7 நிமிசம் அணைஞ்சிருந்துச்சு. இப்ப இருக்கிற கோடு எதுவுமில்லை. ஹிஸ்டரியில 12 வோல்ட் தாழ்ந்ததா ஒண்ணு. செல் எல்லாம் ஒரே சீரா இறங்கி ஏறுது. போனஸ் 35 சதவீதம், தனிப் பாதுகாப்பு எடுக்கலை. சீட் பெல்ட் சுத்தம். ரீகால் பாக்கி இல்லை. பேட்டரி வலையில விரல் தடிமனுக்குப் பஞ்சு.

உறுத்துறது ரெண்டுங்க. 40,000 கி.மீ. சர்வீஸ் ரெக்கார்டுல இல்லை, 30,000த்துக்கு அப்புறம் நேரா 49,000. ஏசி காஸ் 2025 ஏப்ரல்ல வெளிக் கடையில அடிச்ச பில் டேஷ்போர்டு டப்பாவுல கிடந்துச்சு. விலை 12.75 வரைக்கும் வந்திருக்காங்க.

பீளமேடு ஒயர்மேன்

பேட்டரி நல்லா இருக்குதுங்க. 12.1ம் ஹிஸ்டரி கோடும் சேர்ந்து சின்ன பேட்டரியைத்தான் காட்டுது, அதை வியாபாரியே மாத்தித் தரட்டும். பஞ்சை நீங்களே எடுத்துரலாம், வலையைக் கழட்டி வேக்குவம் பிடிங்க. காத்தடிச்சு உள்ள தள்ளிறாதீங்க.

ஏசி பில்லைத்தான் விடக் கூடாது. கோடு இல்லைங்கிறது பாதி நிம்மதிதான். கம்ப்ரசர் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவுல இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் எடுத்துத் தரச் சொல்லுங்க. மெகாஓம் கணக்குல வரணும். இதைச் சர்வீஸ் சென்டர்லதான் செய்யணும்: ஹை வோல்டேஜைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவி, 10 நிமிசம் காத்திருந்து, 1,000 வோல்ட் கையுறை போட்டுட்டுத் தொடுற வேலை. வெளியில யாரையும் ஆரஞ்சு ஒயர்ல (ஹை வோல்டேஜ் போறது) கை வைக்க விடாதீங்க.

வாங்கினா, கொட்டகையில கடலைக்காய் மூட்டையும் தீவனமும் வண்டிப் பக்கம் இருக்கக் கூடாது. எலி ஆரஞ்சு ஒயரை விட அதை ஒட்டிப் போற மெல்லிசு சிக்னல் ஒயரைத்தான் கடிக்கும், அது போனாலே வண்டி நின்னுரும். ஆரஞ்சு ஒயரைக் கடிச்சா ஒட்டுப் போட முடியாது, முழுசாத்தான் மாத்தணும்.

தாராபுரம் டீசல்

7 நிமிசம் அணைஞ்சு நிக்குதுன்னா பேட்டரி பத்தி நான் நினைச்சது தப்புதான். அந்த விடுபட்ட சர்வீஸை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க தம்பி. நாளைக்கு கிளைம்னு போனா அதைக் காட்டித்தான் கதவைச் சாத்துவாங்க.

ஈரோடு சர்வேயர்

அண்ணன் சொல்றது சரி. 40,000 சர்வீஸ் விட்டுப் போயும் பேட்டரி வாரண்டி நடப்புல இருக்குதான்னு சேஸி நம்பர் போட்டு மெயில் அனுப்புங்க. கவுண்டர்ல வாயால சொல்ற பதில் எதுக்கும் ஆகாது. லோன் இருந்த வண்டின்னா ஃபாரம் 35ம் (ஆர்சியில லோனை நீக்குறது) பேங்க் என்ஓசியும் கைக்கு வரணும். பெயர் மாத்துற ஃபாரம் 29, 30 கையெழுத்தானதுல இருந்து 14 நாளைக்குள்ள ஆர்சி, இன்சூரன்ஸ் ரெண்டையும் பெயர் மாத்திருங்க. இன்சூரன்ஸ் மாத்தாம ஓட்டி அடிபட்டா சொந்த வண்டி சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது.

திருப்பூர் கணக்கு

12.75ல புது 12 வோல்ட் பேட்டரியும் பிரேக் ஆயிலும் அவங்க செலவுன்னா என் 12.50க்குப் பக்கத்துல வந்துருது. முன்பணம் 10,000த்துக்கு மேல கொடுக்காதீங்க, ரசீதுல இதை எழுதி வாங்கிட்டுக் கொடுங்க:

“மேற்படி வாகனத்தின் ஹைபிரிட் பேட்டரி வாரண்டி நடப்பில் உள்ளது என நிறுவனத்திடமிருந்து எழுத்துமூலம் பதில் வராவிட்டாலும், ஏசி கம்ப்ரசர் இன்சுலேஷன் சோதனையில் குறை கண்டாலும், முன்பணம் முழுவதும் 3 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்.”

காங்கேயத்தான்

அப்படியே எழுதி வாங்கிட்டேனுங்க அக்கா. மெயில் போயாச்சு, இன்சுலேஷன் சோதனைக்கு வியாழக்கிழமை காலை 10 மணி கொடுத்திருக்காங்க. அளவு வந்ததும் இங்கயே போடுறேன்.